வலது கண்ணில் மட்டும்

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தக் கண் மருத்துவமனையில் நடந்தது கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை. ஆனால் பரிசோதனை அறையிலிருந்து வந்த கூச்சலைக் கேட்டு, வாசல் காவலாளி இரண்டுமே நடந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"என் கண்ணைக் கெடுத்துட்டீங்க! போன தடவை கண்ணாடி மாதிரி தெளிவா இருந்துச்சு. இன்னைக்கு எல்லாம் கலங்கிக் கிடக்கு!"

கத்தியவளுக்கு அறுபத்தோரு வயது. துப்பாக்கி சுடும் சங்கத்தில் எல்லோரும் அவளைச் சாம்பியன் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த மாதம் மூத்தோருக்கான கைத்துப்பாக்கிப் போட்டி. பட்டம் அவளுக்குத்தான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

காவலாளி போன் செய்து, இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது மணி பத்து. ஒல்லியான பெண். கேள்வி கேட்டால் சுருக்கென்று குத்தும் என்பதால் ஸ்டேஷனில் அவளுக்கு வைத்த பெயர் ஊசி. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அவளுக்கு அதில் வருத்தமில்லை.

"விளக்கமா சொல்லுங்க டாக்டர்."

டாக்டர் பெண்மணி முகம் வெளிறிப்போயிருந்தாள். "இவங்களுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை மேடம். எடுத்துட்டு, மாத்தக்கூடிய லென்ஸ் வெச்சோம். சாதாரண லென்ஸ்னா வெச்சது வெச்சதுதான். இதுல, வெச்சதுக்கப்புறமும் மிஷின்ல புற ஊதாக் கதிரை அளவா அடிச்சுப் பவரை மாத்தலாம். 'இன்னும் கொஞ்சம் கிட்டக்கத் தெரியணும்'னு கேட்டா அதையும் செய்யலாம். எல்லாம் திருப்தின்னு சொன்னதும் கடைசியா ஒரு ஒளி அடிச்சுப் பூட்டிருவோம். அப்புறம் மாறாது."

"பூட்டறதுக்கு முன்னாடி வெயில் பட்டா?"

"வெயில்லயும் அதே கதிர் இருக்கே! லென்ஸ் தன் இஷ்டத்துக்கு மாறிடும். அதனாலதான் முழிச்சிருக்கற நேரமெல்லாம் கதிரைத் தடுக்கற கண்ணாடி போடச் சொல்றோம். இவங்க கழட்டியிருக்கணும்."

"நானா கழட்டினேன்?" சாம்பியன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "குளிக்கறப்போகூட லைட்டை அணைச்சுட்டுக் குளிக்கறேன்மா!"

"கோபப்படாதே, உட்கார்" என்றார் பக்கத்தில் நின்ற கணவர். மனைவியின் பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அவளுக்குத் துப்பாக்கி பிடிக்கவே கற்றுக்கொடுத்தவர் அவர். அதனால் அவர் பெயர் மாஸ்டர். "யார் கண்ணு பட்டுச்சோ மேடம். இவ பேர் பேப்பர்ல வந்ததுல இருந்தே எனக்குப் பயம்."

ஊசி டாக்டர் பக்கம் திரும்பினாள். "எந்தக் கண்ணு கெட்டிருக்கு?"

"வலது மட்டும்."

"இடது?"

"துளி மாற்றம் இல்லை. அதான் எனக்கும் புரியலை. வெயில்ல கண்ணாடியைக் கழட்டினா ரெண்டும் சேர்ந்துதானே கெடணும்?"

"உங்க மிஷின் தப்பு பண்ணியிருந்தா?"

"போன தடவை ஒளி அடிச்சு ரெண்டு நாள் கழிச்சுச் சோதிச்சேன். ரெண்டு கண்ணும் சரியா இருந்துச்சு. அதுக்கப்புறம் இவங்க மேல எந்த மிஷினும் படலை."

அவள் போட்டிருந்த கண்ணாடியையும் பையிலிருந்ததையும் மேஜையில் வைத்தார்கள். வீட்டில் போடுகிற மூக்குக்கண்ணாடி ஒன்று. இன்னொன்று, சுடும்போது போடுகிற விசேஷச் சட்டம். அதில் குறி பார்க்கும் வலது கண்ணுக்கு மட்டும் திருகாணியில் பொருத்திய வட்டமான வில்லை; இடது கண்ணுக்குக் கறுப்பு மூடி. மைதானத்துக்குப் போக டாக்டர் அனுமதித்ததே, கதிரைத் தடுக்கும் வில்லையை அதில் மாட்டிக் கொடுத்த பிறகுதான். இரண்டையும் கதிரை அளக்கும் மீட்டரில் வைத்துப் பார்த்தார்கள். கதிர் ஒரு பொட்டும் உள்ளே போகவில்லை.

"கண்ணாடியும் நல்லா இருக்கு, மிஷினும் நல்லா இருக்கு. கண்ணு மட்டும் கெட்டிருக்கு" என்று முனகினாள் ஊசி. பிறகு சாம்பியன் எதிரே உட்கார்ந்தாள். "கடைசியா எப்போ சுட்டீங்க?"

"நேத்து காலையில. ஒருவாரமாவே துப்பாக்கி நுனியில இருக்கற முன்குறி கொஞ்சம் கலங்கற மாதிரிதான் இருந்துச்சு. புதுக் கண்ணு, பழகணும்னு நினைச்சேன். ஆனா இன்னொரு பக்கம் சந்தோஷமும் இருந்துச்சு மேடம்."

"என்ன சந்தோஷம்?"

"குறி அட்டை இருக்குல்ல, முதல்ல லேசா மஞ்சளடிச்ச மாதிரி தெரியும். ஒருவாரமா வெள்ளைன்னா வெள்ளை, பால் மாதிரி! நேத்துகூட அப்படித்தான். கண்ணு தெளிஞ்சுட்டு வருதுன்னு இவர்கிட்டச் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போனேன்."

"வீட்டுல? பேப்பர் படிக்கறப்போ?"

"வீட்டுல மஞ்சளாத்தான் தெரியுது. லைட்டு வெளிச்சம் அப்படிப்போலன்னு விட்டுட்டேன்."

ஊசி அதைக் குறித்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள்.

---

பகல் பன்னிரண்டு. வெட்டவெளிப் பயிற்சி மைதானம். சூரியன் உச்சந்தலையில் உட்கார்ந்திருந்தது.

சங்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே ஆளைத்தான் கை காட்டினார்கள். போன மூன்று போட்டிகளிலும் சாம்பியனுக்கு அடுத்த இடத்தில் வந்தவள். தலைமுடியை வைத்து அவளுக்குச் சுருட்டை என்று பெயர்.

"பொறாமையா?" சுருட்டை துப்பாக்கியைத் துடைத்தபடியே சிரித்தாள். "பின்ன இல்லாம? அக்கா பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். அவங்க முகத்துக்கு நேராவே சொல்லியிருக்கேன்."

"அவங்க கண்ணு கெட்டுப்போச்சு. தெரியுமா?"

துடைத்த கை நின்றது. "ஐயையோ. நிஜமாவா?" குரல் இறங்கியது. "மேடம், பொய் சொல்ல மாட்டேன். கேட்டதும் ஒரு நொடி உள்ளுக்குள்ள குளுகுளுன்னுதான் இருந்துச்சு. அடுத்த நொடி அசிங்கமா ஆயிடுச்சு. அவங்க இல்லாத போட்டியில ஜெயிச்சு நான் என்ன பண்ண?"

"அவங்க கண்ணாடிப் பெட்டி இங்கேதான் இருக்குமா?"

"துப்பாக்கிதான் இங்க லாக்கர்ல. கண்ணாடிப் பெட்டியை மாஸ்டர் ஐயா கையோட கொண்டுவருவார், கையோட கொண்டுபோவார். பாவம், அவரும் எப்பேர்ப்பட்ட ஆளு! முன்னெல்லாம் அவர் சுட வந்தா மைதானமே நின்னு பார்க்கும். புரை எடுத்ததுல இருந்து முன்குறி தெரியலைன்னு விட்டுட்டார். இப்ப அக்காவுக்கு வாட்டர் பாட்டில் தூக்கறார்."

ஊசிக்கு ஏனோ தன் சிநேகிதி ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வேலையில் சேர்ந்தார்கள். சென்ற வாரம் சிநேகிதிக்குத் தலைமையகத்தில் பதவி கிடைத்தபோது, ஊசி போன் செய்து "ரொம்பப் பெருமையா இருக்குடி" என்றாள். சொல்லிவிட்டு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றெரிச்சலை வாய்விட்டுச் சொல்ல இந்தச் சுருட்டைக்குத் தைரியம் இருக்கிறது. எனக்கு இல்லை. இன்னும் யாருக்கு இல்லை?

---

மாலை நான்கு மணிக்கு ஊசி அந்த வீட்டுக்குப் போனாள். கூடத்துச் சுவர் முழுக்கப் பதக்கங்கள். இடப்பக்கம் அவருடையவை, வலப்பக்கம் அவளுடையவை. வலப்பக்கத்தில் இடம் போதாமல் சில, இடப்பக்கத்துக்குத் தாண்டியிருந்தன.

"மனைவி இவ்வளவு தூரம் வந்தது உங்களுக்கு எப்படி இருக்கு சார்?"

"ரொம்பப் பெருமையா இருக்கு மேடம்."

அந்தக் குரலை ஊசி எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுகொள்வாள். அது அவளுடைய குரல்தான்.

"உங்க பழைய சுடுகிற கண்ணாடியைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

"அதை எதுக்கு... அஞ்சு வருஷமா தொடலை."

"பரவாயில்லை, எடுங்க."

அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டி இறங்கியது. மனைவியுடையதைப் போலவே சட்டம். மடிப்புகளில், மூக்குப் பிடியில், கறுப்பு மூடியில், எங்கும் தூசி அப்பியிருந்தது. வலப்பக்க வட்டக் கண்ணாடி மட்டும் பளிச்சென்றிருந்தது. அதைப் பிடித்திருந்த திருகாணியில் புதுக் கீறல்.

"அஞ்சு வருஷமா தொடாத பெட்டியில இந்த வில்லை மட்டும் எப்படி சார் குளிச்சுது?"

மாஸ்டர் பெட்டியை மூடப் பார்த்தார். சாம்பியன் எழுந்து வந்தாள். "என்ன மேடம் சொல்றீங்க?"

"உட்காருங்கம்மா. வலது கண்ணு மட்டும் ஏன் கெட்டுதுன்னுதான் எல்லாரும் குழம்பினோம். வலது மட்டும் வெளிச்சம் பார்த்து, இடது மூடியிருக்கற நேரம் உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான். சுடறப்போ. அப்ப கோளாறு அந்த வட்ட வில்லையிலதான் இருந்திருக்கணும். ஆனா இன்னைக்கு மீட்டர்ல அது சுத்தமா இருக்கு. ஏன்? யாரோ அதைக் கழட்டிட்டுச் சாதாரணக் கண்ணாடியை மாட்டியிருக்காங்க. பரிசோதனைக்கு முன்னாடி பழையபடி மாத்தியும் வெச்சுட்டாங்க."

"எதை வெச்சு அப்படிச் சொல்றீங்க?"

"நீங்க பூரிச்சுப்போன விஷயத்தை வெச்சு. கதிரைத் தடுக்கற வில்லைக்கு லேசா மஞ்சள் சாயல் உண்டு. டாக்டர்கிட்டக் கேட்டேன். அதைப் போட்டுப் பார்த்தா வெள்ளை அட்டை மஞ்சளாத்தான் தெரியணும். பால் மாதிரி தெரிஞ்சதுன்னா முன்னாடி இருந்தது வெறும் கண்ணாடி. கண்ணு தெளியலைம்மா. கெட்டுக்கிட்டு இருந்துச்சு."

சாம்பியன் தன்னையறியாமல் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள்.

"நேத்து காலை சுடறப்பவும் அட்டை வெள்ளைதான். இன்னைக்குக் காலை மருத்துவமனையில நல்ல வில்லை. நடுவுல பெட்டி இருந்தது இந்த வீட்டுல. சுருட்டையால இங்க வந்து மாத்த முடியாது. இந்த வீட்டுல இருக்கறது நீங்க ரெண்டு பேர்." ஊசி திரும்பினாள். "செஞ்சது நீங்கதான் சார்."

மாஸ்டர் தன் பழைய சட்டத்தைக் கையில் எடுத்து, தூசியை விரலால் துடைக்க ஆரம்பித்தார்.

"எனக்கு லென்ஸ் வெச்சப்போ ஒரே தடவைதான் மேடம். தூரத்துல எல்லாம் நல்லாத் தெரியும், முன்குறி மட்டும் மங்கல். டாக்டரைக் கேட்டேன். வெச்சாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. நானும் தேத்திக்கிட்டேன். இவளுக்கு என்னடான்னா, 'இவ்வளவு தூரம் போதுமா அம்மா, இன்னும் கொஞ்சம் கிட்ட வேணுமா'ன்னு கேட்டுக் கேட்டுச் சரி பண்றாங்க. நான்தான் கூட்டிட்டுப் போறேன். நான்தான் வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். வந்து என்கிட்டயே சொல்றா, முன்குறி எவ்வளவு அழகாத் தெரியுதுங்க தெரியுமான்னு." "குருடாக்கணும்னு இல்லை. எனக்குத் தெரியற மாதிரி அவளுக்கும் தெரியட்டும்னுதான்."

ஊசியின் போன் அடித்தது. டாக்டர். கேட்டுவிட்டுச் சாம்பியனிடம் சொன்னாள்: "லென்ஸ் மொத்தமா வீணாகலையாம். இன்னும் ஒரு தடவை மாத்த வழி இருக்காம். முழுசா பழையபடி வருமான்னு உறுதி சொல்ல முடியாது, ஆனா நாளைக்கே வரச் சொல்றாங்க."

சாம்பியன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கணவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நான் மெடல் வாங்கினப்போ என்னைக்காவது உங்களுக்கு நிஜமா சந்தோஷமா இருந்துச்சா?"

அவர் வெகுநேரம் யோசித்தார். பொய் சொல்லத் தோன்றியிருந்தால் அதற்குள் சொல்லியிருக்கலாம்.

"இருந்துச்சு" என்றார். "நீ ரெண்டாவதா வந்தப்போ எல்லாம்."

அவள் அழவில்லை. மூக்குக்கண்ணாடியை நேராக ஏற்றி விட்டுக்கொண்டு ஊசியைப் பார்த்தாள்.

"புகார் எழுதணும் மேடம். பேனா இருக்கா?"