மூன்று கல் நட்ட இசக்கியப்பன்

வியாழனுக்கு இந்தப் பக்கம், குறுங்கோள்களுக்கு நடுவே குடியேறுகிறவர்கள் முதலில் கல் நடுவார்கள். தரையே இல்லாத இடத்தில் எப்படி நடுவது என்று கேட்கக் கூடாது, நட்டார்கள். நிலைக்கல் என்று பெயர். தேங்காய் அளவு இருக்கும், வைத்த இடத்தைவிட்டு அசையாது.

சட்டம் எளிது. ஒரு கல் வெறும் புள்ளி, ஒன்றுக்கும் உதவாது. இரண்டு நட்டால் அவற்றின் வழியே ஒரே ஒரு நேர்கோடு போகும். அந்தக் கோட்டைவிட்டு விலகி மூன்றாவதையும் நட்டால், மூன்றையும் தொட்டுக்கொண்டு ஒரே ஒரு தளம் போகும். காகிதம் மாதிரி தட்டையாக, முடிவே இல்லாமல் விரியும் அந்தத் தளம் நட்டவருக்குச் சொந்தம். அதன்மேல் எங்கே வேண்டுமானாலும் வீட்டுக்கலத்தை நிறுத்தலாம். அடுத்தவர் தளம் குறுக்கே வெட்டினால் குற்றமில்லை.

இசக்கியப்பனுக்கு அவசரம். மச்சானின் சரக்குக் கப்பலோடு தன் வீட்டுக்கலத்தைக் கட்டிப்போட்டிருந்தான். மச்சான் மறுநாள் சனிக்கோளுக்குக் கிளம்புகிறார். அதற்குள் தளம் பதியாவிட்டால் பொதுக்கொட்டகைதான். அங்கே ஊருக்கெல்லாம் ஒரே குளியலறை. மனைவி செண்பகவல்லிக்கோ நிறைமாதம்.

அந்த அவசரத்திலும் வாஸ்து பார்த்தான். மூன்று கல்லும் கிழக்கு மேற்காக ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்று செவ்வாயிலிருந்து வாஸ்துக்காரர் சொல்லியிருந்தார். அங்கே எது கிழக்கு என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

பதிவு எந்திரன் வந்து பார்த்தது.

“தளம் நிலைக்கவில்லை.”

“நிலைக்கலையா? நூல் பிடிச்சு நட்டிருக்கேன்யா!”

“அதுதான் குறை. ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் மூன்று கீலும் உங்கள் கற்களைப் போல ஒரே கோட்டில் இருக்கின்றன. அதனால்தான் கதவு சுழல்கிறது. கோட்டுக்கு வெளியே தாழ்ப்பாள் பிடித்தால்தான் நிற்கும்.”

“நடுக்கல்ல ஒரு சாண் நகத்துனா சோலி முடிஞ்சுதுல்லா, நகத்துங்களேன்” என்றாள் செண்பகவல்லி.

“நீ சும்மா கெட. கல்லு கோணுனா பிள்ளைக்கு ஆகாது.”

“பொதுக்கொட்டகையில பெத்தா மட்டும் ஆகுமாக்கும்?”

இசக்கியப்பன் தாடையைச் சொறிந்தான். “ஏ எந்திரா, இந்த மூணையும் தொட்டுட்டு எத்தனை தளம் போவும்?”

“கணக்கில்லை. கதவு நிற்கும் ஒவ்வொரு நிலையும் ஒரு தளம்.”

“தொட்டுட்டுப் போறது நட்டவனுக்குன்னுதான சட்டம்?”

“ஆம்.”

“அப்ப எல்லாத்தையும் எம்பேர்ல எழுது.”

எந்திரன் சட்டத்தைப் புரட்டியது. ஒருவருக்கு எத்தனை தளம் என்று யாரும் வரம்பு வைத்திருக்கவில்லை. கதவை ஒரு முழுச்சுற்று சுற்றவிட்டால் அது தொடாத இடமும் இல்லை. ஆகவே பூமி, பால்வீதி, இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டியவை உட்பட அண்டம் முழுவதும் இசக்கியப்பன் பெயரில் பதிவாயிற்று.

“எங்க நிறுத்தலாம்?” என்றாள் செண்பகவல்லி.

அண்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மரியசூசை என்பவருடைய வீட்டுக்கலத்தை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினான். பேச்சுத்துணை வேண்டாமா!

மறுநாள் சொந்த முகவரியிலேயே பெண் பிறந்தது. தாயும் சேயும் நலம். மரியசூசை ரேடியோவில் கூப்பிட்டு வாழ்த்தினார்.

“வாழ்த்தெல்லாம் இருக்கட்டும் ஓய்” என்றான் இசக்கியப்பன். “வெளிய காயப்போட்டிருக்கீரே, அந்த விண்ணுடுப்போட கை நாலு விரக்கடை நம்ம எடத்துக்குள்ள வந்து கெடக்கு. எடுத்துரும்.”