திடலில் புல் வெட்டியது யார்?

ஹாட்டியின் அப்பாவை நேற்று மாலை நாலு மணிக்குக் கொலை செய்துவிட்டார்கள். இன்று காலை அவர் இரண்டாவது டோஸ்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம்ப்பா. எட்டரைக்கு நீங்க செத்துக் கிடக்கணும்," என்றாள் ஹாட்டி.

"பிணத்துக்கு என்னம்மா அவசரம்?"

அப்பா நெவில், பஸ் டிரைவர். அவர்களுடைய ஹெம்பரி கிராமத்தில் ஒரு துப்பறியும் தொலைக்காட்சித் தொடருக்குப் படப்பிடிப்பு நடந்தது. வாரத்துக்கு ஒருவர் கொலையாவார். இன்ஸ்பெக்டர் வந்து துப்புத் துலக்குவார். இந்த எபிசோடில் சாவதற்கு முப்பது பேர் போட்டி போட்டார்கள். அப்பா அளவுக்கு யாராலும் அசையாமல் கிடக்க முடியவில்லை.

நேற்று அவர் கிராமத்துத் திடலில் தள்ளாடி நடந்து, ஓரத்து ஓக் மரத்தடியில் விழுந்து உயிரை விட்டார். கதைப்படி மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்து பிணத்தைப் பார்க்க வேண்டும். அதைத்தான் இன்று எடுக்கவிருந்தார்கள்.

இருவரும் திடலுக்குப் போனார்கள். நேற்றுக் கணுக்கால் உயரம் இருந்த புல்லைக் காணோம். வெள்ளை டெய்சிப் பூக்களையும் காணோம். திடல் முழுக்கப் பட்டை பட்டையாக, விரித்த கம்பளம்போல இருந்தது. நடுவில் புல்வெட்டும் இயந்திரத்தின்மேல் உட்கார்ந்து மிஸ்டர் டாப்ஸ்காட் பெருமையாகத் தொப்பியை உயர்த்தினார்.

சனிக்கிழமை கிரிக்கெட் என்றால் வெள்ளிக்கிழமை விடியலில் புல் வெட்டியாக வேண்டும். முப்பத்தொரு வருடமாக அவர் ஒரு வெள்ளிக்கிழமையைக்கூடத் தவறவிட்டதில்லை. இன்று டிவிக்காரர்கள் வேறு வருகிறார்களே என்று இரண்டு தடவை ஓட்டியிருந்தார்.

காட்சிக்குக் காட்சி எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வது பெர்னியின் வேலை. அவள் நேற்று எடுத்த போட்டோவையும் திடலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே ராத்திரியில் புல் எங்கே போனது என்று பார்க்கிறவர்கள் கேட்க மாட்டார்களா?

இயக்குநர் ஃபிலிப்பா சத்தம் போடவில்லை. ஏழு மைல் தள்ளி வெட்டாத திடல் ஒன்று இருக்கிறதாம். அங்கே போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்கலாம் என்றார். பிணத்துக்கும் அந்த ஊர் ஆளே போதும்.

"அங்க ஒரு பல் டாக்டர் ரெடியா இருக்காராம்," என்றாள் பெர்னி மெதுவாக.

அப்பா சட்டையில் பூசிய பொய் ரத்தத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

கயிற்றுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க ஊரே கூடியிருந்தது. வெட்டின புல்லை எல்லாம் திருப்பி நட்டுவிடும்படி கறிக்கடைக்காரர் டாப்ஸ்காட்டைக் கேலி செய்தார். டாப்ஸ்காட் இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"மன்னிச்சிடு நெவில். இனிமே இந்த மெஷினைத் தொட மாட்டேன்."

"அட, விடுங்க. செத்த வரைக்கும் நல்லாத்தானே செத்தேன்," என்றார் அப்பா. சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

ஹாட்டி ஓக் மரத்தைப் பார்த்தாள். வேர்கள் இருப்பதால் இயந்திரம் அங்கே போகாது. அப்பா விழுந்த இடத்தில் மட்டும் புல் நேற்றுப்போலவே மடங்கிக் கிடந்தது. பெர்னியிடம் போட்டோவை வாங்கினாள். அதில் திடலின் குறுக்கே, மிதிபட்ட புல்லில் இரண்டு தடங்கள் தெரிந்தன. ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று கொலைகாரனுடையது.

அவள் நேராக ஃபிலிப்பாவிடம் போனாள்.

"கொலைகாரன் எந்தப் பக்கம் போனான்னு இந்தத் தடத்தைப் பாத்தாலே தெரியும்ல?"

"தெரியும். அதுக்கென்ன?"

"நான் அவனா இருந்தா, யாரும் பாக்கறதுக்கு முன்னாடி புல்லை வெட்டிடுவேன்."

ஃபிலிப்பா அவளையே பார்த்தார். பிறகு போனை எடுத்துக் கதாசிரியரைக் கூப்பிட்டார். எதிர்முனையில் அவர் சிரித்த சிரிப்பு ஹாட்டிக்கே கேட்டது. கதையில் கொலைகாரர் பாதிரியார். இனிமேல் அவருக்கு ஒரு புல்வெட்டும் இயந்திரமும் உண்டு.

"ஆனா பாதிரியாரா நடிக்கிறவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. மிஸ்டர் டாப்ஸ்காட், நீங்கதான் அவருக்குக் கத்துக்கொடுக்கணும்," என்றார் ஃபிலிப்பா.

டாப்ஸ்காட் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். முதலில் நேர்க்கோட்டில் ஓட்டக் கற்றுத் தருவதாகச் சொன்னார்.

ஒன்பது மணிக்கு அப்பா மரத்தடியில் செத்துக் கிடந்தார். கேமரா ஓடியது. இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு, வெட்டிய புல்லை உள்ளங்கையால் தடவினார். மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"இந்தப் புல்லை வெட்டினது யாரு?"

கயிற்றுக்குப் பின்னால் நின்ற ஊர் மொத்தமும் யோசிக்காமல் டாப்ஸ்காட்டைக் கைகாட்டியது. டாப்ஸ்காட்டும் கையைத் தூக்கினார்.

மரத்தடியில் பிணத்தின் வயிறு குலுங்கியது.

"கட். பிணம் சிரிக்குது," என்றார் ஃபிலிப்பா.

ஆறாவது தடவைதான் பிணம் பிணமாகக் கிடந்தது.