சாமியப்பன் மிச்சம் வைக்காத காபி

கொல்லிமலையில் முதல் காபிச்செடி வேர் பிடித்த நாளிலிருந்து இன்றுவரை, அதன் உண்மையான ருசியை அறிந்த நாக்கு ஒன்றே ஒன்றுதான் என்றும், அது தன் வாயில் இருப்பதாகவும் சசிதரன் அறிவித்தான். சிரிக்கவில்லை. இதைச் சொல்லும்போது அவன் சிரிப்பது வழக்கமில்லை.

2002 ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை பதினோரு மணி. செம்மேட்டுக்கு அப்பால் காபித் தோட்டத்துக்கு நடுவில் இருந்த அந்த வீட்டை மூடுபனி நாலு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றது. கூடத்து சோபாவில் முள்ளுக்குறிச்சி சாமியப்பனும் அவருடைய மூத்த மகள் அனுராதாவும். சின்னவளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சசிதரன். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துத் திரும்பியவன். முதலில் திரும்பியது அவன் கம்பெனி. அது புறப்பட்ட இடத்துக்கே, அதாவது ஒன்றுமில்லாத இடத்துக்கே, திரும்பிவிட்டது. கம்பெனி மூடி வேலை போன விவரம் இன்னும் முள்ளுக்குறிச்சி வரை இறங்கவில்லை.

கதவோரம் நின்றிருந்தவன் ஜீவா. சசிதரனின் சித்தப்பா மகன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவன். காலையில் மயில்துத்தம் என்ற நீலச் செம்பு உப்பும் சுண்ணாம்பும் கரைத்துச் செடிகளுக்கு மருந்தடித்துவிட்டு அப்படியே வந்திருந்தான். எத்தனை முறை கழுவியும் நகக்கண்ணில் நீலம் போகவில்லை. போன தை மாதம் இதே சின்னவளை அவனுக்குக் கேட்டுப் போயிருந்தார்கள். "மலைமேல பொண்ணு குடுக்கறதா இல்லீங்க" என்று சாமியப்பன் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அமெரிக்க மாப்பிள்ளை என்றதும் மலை கொஞ்சம் தாழ்ந்து கொடுத்துவிட்டது போலும்.

சமையல்கார அத்தாயி மண் கலயத்தில் மோர் கொண்டுவந்து வைத்தாள். சசிதரனுக்கு அதுவும் பொறுக்கவில்லை.

"பாருங்க. ஊட்டுல இத்தனை பித்தளைச் சொம்பு பளபளன்னு கெடக்குது. மோரை அதுல வெக்க மாட்டாங்க. களிம்பு ஏறுமாம். சொம்பைப் பார்த்து நடுங்கற ஜனங்க. இவுங்களுக்கு நான் எப்படிங்க காபியப் புரிய வெப்பேன்?"

"ஊறுகாய்க்கு வெச்சிருந்த எலுமிச்ச உப்புப் பொட்டலத்த ரெண்டு நாளாக் காணோம்" என்றாள் அத்தாயி. "அதுக்கும் ஒரு விளக்கம் சொல்லு சாமி."

சசிதரன் காதில் விழாதவனாக மெஷின் பக்கம் திரும்பினான். இத்தாலிக்காரன் செய்தது. ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் கனம் இருக்கும். "நேத்துச் சாயங்காலம் போன கரண்ட்டு. இப்பத்தான் வந்துது. சூடாகட்டும்" என்றபடி தொட்டியில் ஊற்றுத் தண்ணீர் ஊற்றினான். கொட்டையை அரைத்தான். தூளைக் கைப்பிடிச் சல்லடையில் நிரப்பி, ஒரு முழங்காலை மேசையில் முட்டுக்கொடுத்து அமுக்கினான். மெஷின் உறுமியது. கறுப்பாக, கெட்டியாக, எலிவால் கனத்தில் காபி இறங்கியது.

முதல் கப்பை ஜீவாதான் சாமியப்பனிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். பிறகு அனுராதாவுக்கு. பிறகு தனக்கு ஒன்று. கடைசிக் கப்பைச் சசிதரன் எடுத்துக்கொண்டான்.

ஒரு வாய் வைத்ததும் ஜீவாவுக்கு உடம்பு சிலிர்த்தது. புளிப்பு. அதற்குப் பின்னால் காலணாவை நக்கினதுபோல ஏதோ ஒன்று.

"புளிப்பா இருக்குதுன்னு தோணும்" என்றான் சசிதரன், எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு. "அது புளிப்பு இல்லீங்க. பழத்தோட குணம். பழகாத நாக்குதான் அதப் புளிப்புன்னு சொல்லும்."

அதற்குமேல் புளிக்கிறது என்று சொல்ல அந்தக் கூடத்தில் யாருக்கும் நாக்கு இல்லை.

"நல்லாருக்குதுங்க மாப்ள" என்றார் சாமியப்பன். மகளைக் கொடுக்கப்போகிற வீட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்த மனிதர். கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்த குற்றத்துக்கு இன்னொரு கப் வந்தது. அதையும் ஜீவாதான் கொண்டுபோனான். அதையும் குடித்தார். அனுராதா எழுந்து ஜன்னலோரம் போய்ப் பனியை வெகுநேரம் ரசித்தாள். சசிதரனும் போய், பனிக்குள் இல்லாத ஒரு மலையைக் கைகாட்டினான். எல்லாரும் நகர்ந்தபின் ஜீவா அதே ஜன்னலோரம் இருந்த மணிபிளான்ட் தொட்டியில் தன் கப்பைக் கவிழ்த்தான். பாவம்தான். செடி யாரிடமும் சொல்லாது என்ற தைரியம்.

அரைமணி நேரம் கழித்து, மிளகுக் கொடி பார்க்க வாசலில் இறங்கிய சாமியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பிறகு வாந்தி எடுத்தார். பிறகும் எடுத்தார்.

அது பச்சையும் நீலமுமாக இருந்தது.

அந்த நிறம் ஜீவாவுக்குத் தெரியும். காலையில் டிரம்மில் கரைத்தது அதே நிறம்.

ஜீப்பில் தூக்கிப்போட்டுச் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு வரி பேசினார். "செம்பு விஷம் மாதிரி தெரியுது. வயித்தக் கழுவறோம், தாங்கலைன்னா கீழ கொண்டுபோகணும்." கீழே என்றால் எழுபது கொண்டை ஊசி வளைவு. இந்தப் பனியில். அனுராதா அப்பாவின் கையை விடாமல் நின்றாள். அவள் ஜீவாவின் நகத்தை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் அவன் தன் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

பகல் ஒரு மணி. சப்-இன்ஸ்பெக்டர் மேகலா ஆஸ்பத்திரியில் அனுராதாவிடம் பேசிவிட்டு, சகோதரர்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தோட்டத்து வீட்டுக்கு வந்தார். குள்ளமான பெண்மணி. குரலை உயர்த்தும் பழக்கம் இல்லை. அதுதான் ஜீவாவைக் கலங்கடித்தது. கத்துகிறவர்களிடம் பதிலுக்குக் கத்தலாம்.

"எத்தனை பேர் குடிச்சீங்க?"

"நாலு பேரும் மேடம்" என்றான் சசிதரன். "ஒரே மெஷின், ஒரே தண்ணி, ஒரே கொட்டை. மூணு பேருக்கு ஒண்ணும் ஆகல. அப்ப விஷம் மெஷின்ல இல்ல. அவரு கப்புலதான் விழுந்திருக்கணும்."

"அவர் கப்பை யார் கொண்டுபோனது?"

சசிதரன் தரையைப் பார்த்தான். "ஜீவாதான் மேடம். ரெண்டு தடவையும்."

மேகலா ஜீவா பக்கம் திரும்பினார்.

"மருந்துக் கொட்டாயில துத்த மூட்டை பிரிச்சுக் கெடக்குது. எப்பப் பிரிச்சது?"

"காலைல மேடம். மருந்தடிக்க."

"பொண்ணு கேட்டு இல்லைன்னாங்களாமே."

"அது... போன தையில மேடம்."

"காபி நீ குடிச்சியா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவன் ஆஸ்பத்திரியிலிருந்து பயந்துகொண்டிருந்தான். குடித்தேன் என்றால் பொய். குடிக்கவில்லை என்றால் தூக்குக் கயிறு. விஷம் என்று தெரிந்தவன்தானே குடிக்காமல் இருப்பான்?

"குடிச்சேன் மேடம்" என்றான்.

மேகலா மேசையில் கழுவாமல் இருந்த ஐந்து கப்புகளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளே பார்ப்பதைவிட வெளியே அதிகநேரம் பார்த்தார். அப்புறம் மெஷினிடம் போய்க் கைப்பிடியைக் கழற்றினார். உள்பக்கம் மஞ்சளாக இருக்க வேண்டிய உலோகம் சின்னப் பிள்ளையின் ஈறுபோல வெளுத்த சிவப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தாயி துடைப்பமும் கையுமாக ஜன்னலோரம் குனிந்தாள். "செடிக்கு நான் தண்ணி ஊத்தி மூணு நாளாச்சு. அடித்தட்டு நெறஞ்சு கெடக்குது. ஆரு ஊத்துனது?"

ஜீவாவின் முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது.

மேகலா தட்டை விரலால் தொட்டார், முகர்ந்தார், கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு சாவகாசமாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சசிதரன், எனக்கு ஒரு காபி போடுங்க."

"இப்பங்களா மேடம்?"

"இப்பத்தான். மெஷின்ல விஷம் இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க."

சசிதரன் போட்டான். கப்பை நீட்டினான். மேகலா வாங்கவில்லை.

"நீங்க குடிங்க."

"நானுங்களா?"

"காலைல குடிச்சதுதான. இதென்ன புதுசு."

சசிதரன் கப்பை உதட்டுவரை கொண்டுபோனான். கப் அங்கேயே நின்றது. அவன் கண்மட்டும், சொல்லிவைத்ததுபோல, ஜன்னலோரத்து மணிபிளான்ட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

அந்த ஒரு பார்வைக்குத்தான் மேகலா காத்திருந்தார்.

"கீழ வைங்க. குடிக்க வேண்டாம். ஒருத்தரை ஏத்துனதே போதும், ஜீப்புல டீசல் இல்ல." கப்புகளை வரிசையாக நகர்த்தினார். "காபி குடிச்சா வாய் வெச்ச பக்கம்தான் கறை இருக்கும். இந்த ரெண்டும் சாமியப்பன் குடிச்சது. உள்ள சொட்டு மிச்சம் இல்ல, வெளியவும் ஒழுகல. மத்த மூணுலயும் பாருங்க. உதட்டுக்கறை ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் வெளிய கோடு கோடா வழிஞ்சிருக்குது. கவுத்தா அப்படித்தான் வழியும். ஒண்ணு அனுராதாவோடது. ஆஸ்பத்திரியிலயே ஒத்துக்கிட்டாங்க. 'மாப்ள மனசு நோகக் கூடாதுன்னு செடிக்கு ஊத்திட்டேன், அப்பாவத் தடுக்காம போயிட்டேன்'னு ஒரே அழுகை. ஒண்ணு ஜீவா, உன்னுது."

ஜீவா தலையை ஆட்டினான்.

"மூணாவது கப்பு, கொல்லிமலையிலேயே ஒரே நாக்கு வெச்சிருக்கறவரோடது."

அத்தாயி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"மூணு பேரு பொழச்சதால அவரு கப்புல மட்டுந்தான் விஷம்னு எல்லாரும் நெனச்சீங்க. விஷம் அஞ்சு கப்புலயும் இருந்துது. குடிச்சவருதான் ஒருத்தர்" என்றார் மேகலா. "அத்தாயி, எலுமிச்ச உப்பு எங்க போச்சுன்னு கேட்டீங்களாமே, அனுராதா சொன்னாங்க. சசிதரன், நீங்க சொல்லுங்க."

சசிதரன் மெஷினைப் பார்த்தபடியே சொன்னான். பெருமை கலக்காமல் பேசினான், அதுவே வீட்டாருக்குப் புதிது. "உப்புத் தண்ணி படிஞ்சு மெஷினுக்குள்ள அடைச்சிருந்துது. எலுமிச்ச உப்பக் கரைச்சு உள்ள ஏத்துனா சுண்ணாம்பெல்லாம் கரையும். அரைமணி நேரத்துல வெளிய தள்ளிக் கழுவிடணும். நேத்து ஏத்தி, சூடும் பண்ணிட்டேன். கரண்ட் போயிருச்சு. காலைல தொட்டித் தண்ணிய மாத்துனேன். உள்ள கொதிகலன்ல இருந்தது..."

"ராத்திரி முழுக்க அங்கயே கெடந்துது. கொதிகலன் என்ன உலோகம்?"

அவன் பார்வை அலமாரியில் வரிசையாகப் பளபளத்த சொம்புகள்மேல் போய் விழுந்தது.

"பித்தளைங்க."

"புளியக் கரைச்சுப் பித்தளையில ஒரு ராத்திரி வெச்சதுக்கு எங்கம்மா என்னை முதுகுல போட்டாங்க. அப்ப எனக்கு எட்டு வயசு" என்றார் மேகலா. "கைப்பிடிக்குள்ள செவந்து கெடக்கறதும் புளிப்பு அரிச்ச பித்தளைதான். களிம்புன்னா செம்புதான். டாக்டரும் அதத்தான் சொன்னாரு."

ஜீவாவுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது. "அண்ணா, குடிக்க முடியலன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவருக்கு ரெண்டாவது கப்பு போயிருக்காது. மேடம் கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். என்னை உள்ள தள்ளப் பாத்தியே."

"சொன்னா" என்றான் சசிதரன், மிகவும் நேர்மையாக, "என் காபிய நானே கொட்டுனதா ஆயிருமே."

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சாமியப்பன் கண்ணைத் திறந்து, மழை பெய்யுதா என்று கேட்டார். டாக்டர் இனி மலை இறங்க வேண்டியதில்லை என்றார். வழக்கு எழுதுவதா வேண்டாமா என்பதை அவர் எழுந்து சொல்லட்டும் என்று மேகலா போய்விட்டார். கல்யாணப் பேச்சைப் பற்றி அனுராதா சசிதரனிடம், "ஊட்டுக்குப் போயிச் சொல்லி அனுப்பறமுங்க" என்றாள். அந்த மரியாதை ஜீவாவுக்கு ஏற்கெனவே பழக்கமானது. அவன் அண்ணனைப் பார்த்துச் சிரிக்க நினைத்தான். நகக்கண்ணில் இன்னும் நீலம் இருந்ததைப் பார்த்து விட்டுவிட்டான்.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணைக்கு வந்திருந்த பாவாயி, மோர் கொண்டுவந்த தூக்குப்போசியைத் திறந்தபடி சசிதரனைக் கூப்பிட்டாள். "ஏஞ் சாமி, பெரியவருக்கு ஒரு வாய் மோர் குடுக்கலாமுன்னு நர்ஸம்மா சொல்லுச்சு. அந்தச் சொம்ப நீட்டு, ஊத்தறேன்."

கட்டிலடியில் அத்தாயி வெந்நீர் கொண்டுவந்த பித்தளைச் சொம்பு இருந்தது. காலியாக, பளபளப்பாக. கைக்கு எட்டுகிற தூரம்.

சசிதரன் சொம்பை எடுத்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். ஜீவா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அது தண்ணிக்குங்க" என்று முணுமுணுத்துவிட்டு, சசிதரன் சொம்பைக் கட்டிலுக்கடியில் தூரமாகத் தள்ளிவைத்தான். பிறகு பனியில் இறங்கி, எதிர்த்த டீக்கடைக்குப் போய், ஒரு எவர்சில்வர் டம்ளர் இரவல் வாங்கிவந்தான்.