பெயர் சொல்லாமல் எழுப்பியது

“கூப்பிடறது என் வேலை, அத்தான். நீங்க ஏன் கூப்பிட்டீங்க?”

“மண்டையைத் திறந்து வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம்மா நிக்கிறது? எந்திரின்னேன், எந்திரிச்சுட்டா. இதுக்கு ஒரு சண்டையா?”

வீட்டில்தான் அத்தான், ஆபரேஷன் அறையில் டாக்டர் என்று அறுவை செய்யும் அக்கா புருஷனோடு ஒப்பந்தம் போட்டதே மயக்க டாக்டர்தான். கோபத்தில் அது காற்றோடு போயிற்று. நர்சுகள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்துக்குப் பேச்சு கிடைத்துவிட்டதே.

மேசையில் கிடந்தது கல்யாணம் நிச்சயமான பெண். மூளையில் பேச்சு பிறக்கும் இடத்தை ஒட்டிக் கட்டி. பாதியில் எழுப்பிப் பேசவிட்டு, பேச்சு தடுமாறாத இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும். மறுபடி தூங்கவைத்து மூட வேண்டும். மயக்க டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. மருந்து ஏற்றுமுன், வீட்டில் கூப்பிடும் பெயரைக் கேட்டுக்கொள்வாள். அதைச் சொல்லித்தான் எழுப்புவாள். அத்தான் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லியிருந்தாள்: “பூச்சி. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. நீங்க கூப்பிட்டாத்தான் வருவேன்.”

மூச்சுக் குழாயை எடுத்துவிட்டு அவள் ஊசி மாற்றத் திரும்பிய நேரத்தில், அத்தான் பெயர் சொல்லாமல் கூப்பிட்டுவிட்டார்.

முணுமுணுத்தபடியே மயக்க டாக்டர், பெண்ணின் முகத்துக்கு மேல் கட்டிய பச்சைத் துணிக் கூடாரத்துக்குள் குனிந்தாள். மருந்து வாடை, வெதுவெதுப்பான காற்று, துணிக்கு அந்தப் பக்கம் ரத்தத்தை உறிஞ்சும் குழாயின் சளசளப்பு. மயக்கம் தெளிகிறவர்களுக்குக் கண் சொருகும், நாக்கு குழறும். இந்தக் கண்களோ வெகுநேரமாக விழித்துக் காத்திருந்தவை போலப் பளிச்சென்று இருந்தன.

படங்களைக் காட்டினாள்.

“பூட்டு. நாற்காலி. குடை.” தடங்கலே இல்லை.

“பிரமாதம்,” என்றார் அத்தான், துணிக்கு அப்பாலிருந்து.

அவள் அந்தக் காதருகே போய், “பூச்சி,” என்றாள்.

இமை அசையவில்லை.

“பூச்சிம்மா.”

“அவ தூங்கறா,” என்றது அந்த வாய். மெதுவாக. அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

கட்டியை வெட்டி எடுத்து முடித்ததும் மயக்க மருந்தை ஏற்றினாள். தூங்கட்டும். இந்த முறை தானே கூப்பிட்டுவிடலாம். மூடி முடிக்கும்வரை அதே நினைப்பு. கடைசித் தையல். எல்லோரையும் வாய் பொத்தச் சொன்னாள். குனிந்தாள். பூச்சி என்று சொல்ல உதட்டைக் குவித்தாள்.

அதற்குள் கண் திறந்தது.

அதே கண்.

கல்யாணம் சொன்ன நாளில் நடந்தது. பெண்ணின் பேச்சில் ஒரு பிசிறுகூட இல்லையென்று மாப்பிள்ளை வீட்டாருக்குப் பூரிப்பு. செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று அம்மாவுக்குத்தான் குறை. ஜோடி கடல் தாண்டிப் போய்விட்டது. அத்தானும் அக்காவும் பெரிய ஆஸ்பத்திரி தேடி வேறு ஊர் போனார்கள். மயக்க டாக்டர், தலையைத் திறக்காத ஒரு சின்ன ஆஸ்பத்திரியாகப் பார்த்து ஒதுங்கிக்கொண்டாள்.

அங்கே முதல் கேஸ், குடலிறக்கத்துக்கு வந்த காவல்காரக் கிழவர். பெயர் கேட்டாள். மருந்து ஏற்றினாள். கிழவரின் கண் சொருகியது, தாடை தொங்கியது. மீசைக்குக் கீழே, அந்தத் திறந்த வாய்க்குள்ளிருந்து, வெட்கப்படும் சின்னக் குரல்:

“அக்கா, இன்னும் என்னைக் கூப்பிடவே இல்லையே.”