சிதறிய மண்ணீரல்

இராமையா கஞ்சியை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தான். அவன் மனைவி பூங்காவனத்துக்கு அதுதான் பயமாக இருந்தது.

சில மாதங்களாக இப்படித்தான். அவள் வயிற்றுக்குள் கட்டி கட்டியாகப் பரவியிருக்கிறது, புற்றுநோயாக இருக்கலாம் என்று ஸ்கேன் படத்தைப் பார்த்து டாக்டர்கள் சொன்ன நாளோடு அவன் சாராயத்தை விட்டுவிட்டான். விறகு பிளந்தான், அவள் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டான். இப்படியொரு புருஷன் யாருக்குக் கிடைக்கும் என்று தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளில் குடியிருந்த பெண்கள் மெச்சிக்கொண்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கிடைக்காத புருஷன், சாகப்போகிறாள் என்றதும் அவளுக்குக் கிடைத்துவிட்டான். பாவி மனசு அதற்கும் சந்தோஷப்பட்டது.

இன்று காலை பதுளையில் யாழ்ப்பாணத்து டாக்டர் கனகசபை சிரித்துக்கொண்டே அவளை உட்காரச் சொன்னார். அவளுடைய ரத்தத்தையே கொஞ்சம் எடுத்துச் சூடாக்கி, மறுபடி உடம்பில் ஏற்றிக் கண்டியில் எடுத்த படம் வந்திருந்தது. புற்றுநோயே இல்லையாம். முன்பு மண்ணீரல் வெடித்து ஆபரேஷன் செய்து எடுத்தார்கள் அல்லவா, அப்போது உள்ளே சிதறிய துணுக்குகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு வளர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான் என்றார்.

“பலத்த அடி பட்டால்தான் மண்ணீரல் வெடிக்கும். உங்களுக்கு எப்பிடி அடிபட்டது?”

தேயிலை மலையில் வழுக்கி விழுந்ததாக, அன்றைக்குச் சொன்ன அதே பொய்யைச் சொன்னாள். பசறை பஸ்ஸில் வரும் வழியெல்லாம், புற்றுநோயாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அழுதாள்.

இப்போது தகரக் கூரையில் மழை இரைந்து, சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பரா வீட்டின் பேச்சுச் சத்தத்தையெல்லாம் விழுங்கியிருந்தது. ஈர விறகின் புகை போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கண்ணைக் கரித்தது. சுவரில் அவனுடைய நிழல் குனிந்திருந்தது.

“டாக்டரு என்ன சொன்னாரு?”

“புத்துநோய் இல்லையாம். அன்னைக்கி வெடிச்ச மண்ணீரலு துண்டு துண்டா வளந்திருக்காம். நான் சாக மாட்டேனாம்.”

ஊதுவது நின்றது.

“எப்புடி வெடிச்சிச்சின்னு கேட்டாரா?”

“கேட்டாரு. வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன்.”

அவன் நம்பவில்லை. அவளையே பார்த்தான். இத்தனை மாதமாக இருந்த முகம் இல்லை அது. பழைய முகம். வயிற்றில் உதைத்த அன்றைக்கு அவள் பார்த்த முகம்.

எழுந்தான். கதவைச் சாத்தினான். கொண்டியை மாட்டினான்.

மழை இன்னும் பலத்தது. பூங்காவனம் சுவரோரமாய் ஒடுங்கி, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.