அருகில் இருப்பவர்கள்

திரையின் மூலையில் ஒரு வட்டம்தான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தன.

முதல் வட்டத்தில் யுவராணியின் முகம், அதன் கீழே பச்சை எழுத்தில் 'இருக்கையில்'. அது சரிதான், அவள் மடிக்கணினியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது வட்டத்தில் முகமும் இல்லை, பெயரும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு தலை, இரண்டு தோள்கள். அதன் கீழே 'வெளியே' என்று இருந்தது.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வடமதுரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றையாக நின்ற வீடு அது. சொட்டுநீர்க் குழாய் வாங்கக் கணவன் முகேஷ்குமார் செம்பட்டிக்குப் போயிருந்தான். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் தமிழ்மதி பள்ளியிலிருந்து திரும்ப இன்னும் நேரம் இருந்தது. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த அந்தப் பிற்பகலில் செடிகள் அசையாமல் நின்றன. எங்கோ ஒரு பம்ப்செட் ஓடியது. காலையில் செடிக்கு அடித்த மருந்தின் வாடை கம்பிவலை வழியாக வந்து தொண்டையில் கசந்தது. ஆள் யாரும் இல்லை.

கொடியில் காயும் சேலையைக் கேமரா ஆளென்று நினைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். இதே பதிலைத்தான் அந்த வாரம் முழுக்க மற்றவர்களுக்கும் எழுதி அனுப்பியிருந்தாள்.

அவள் வேலை அதுதான். 'களம்' என்ற லாஞ்சரைப் பயன்படுத்துகிறவர்களின் புகார்களுக்குத் தமிழில் பதில் எழுதுவது. கணினி விளையாட்டுகளை வாங்கவும், இறக்கவும், திறக்கவும் உதவும் மென்பொருள் அது. கம்பெனி கோயம்புத்தூரில் இருந்தது, அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். வழக்கமாக வருகிற புகார்களில் பயப்பட ஒன்றும் இருக்காது. கம்ப்யூட்டரைப் போட்டதுமே கேட்காமல் திறந்துகொள்கிறது, டவுன்லோடு முடியப்போகிற நேரத்தில் நின்றுவிடுகிறது, புதுத் தோற்றத்தில் என் விளையாட்டுகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. ஒருவன் அவள் பாட்டன் முப்பாட்டனையெல்லாம் இழுத்துத் திட்டிவிட்டு, கடைசியில் 'அன்புடன்' என்று முடித்திருந்தான். அதைப் படித்து முகேஷ்குமாரிடம் சொல்லிச் சிரித்தாள்.

புது அப்டேட்டில் 'அருகில்' என்ற வசதி வந்த பிறகு சிரிப்பு நின்றுபோனது. கேமராவும் மைக்கும் வழியாக, கணினிப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அது கண்டுபிடிக்கும். வீட்டில் அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம்; வேலைக்கான தன் மடிக்கணினியில் யுவராணி தன்னை மட்டும்தான் பதிந்திருந்தாள். குழந்தை வந்து உட்கார்ந்தால் குழந்தையின் விளையாட்டுகள் மட்டும் திறக்கும், அப்பா வந்து உட்கார்ந்தால் அப்பாவுடையவை. ஆள் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்பதையும் அது காட்டும். வெளியே. வாசலில். அறையில். இருக்கையில்.

'நாங்கள் மூன்று பேர், நான்கு காட்டுகிறது' என்று முதல் புகார் வந்தது. பிறகு அதேபோல் நிறைய. அந்த நான்காவது ஆளை நீக்க முடியவில்லை என்றார்கள். நேற்று வெளியே இருந்தது, இன்று வாசலில் இருக்கிறது என்றார்கள்.

மேலாளர் விக்னேஷ்குமாரை அழைத்துக் கேட்டாள்.

"அதெல்லாம் கேமரா பண்ற கோளாறுங்க. ஃபேன் நிழல், தொங்குற துணி, எல்லாத்தையும் ஆளுன்னு நெனச்சுக்குது. அடுத்த அப்டேட்ல சரியாயிடும்னு போட்டு விடுங்க" என்றார் அவர்.

போட்டு விட்டாள். எல்லோரும் அடங்கிவிட்டார்கள், வத்தலக்குண்டு கமலக்கண்ணனைத் தவிர. பகலில் ஹார்டுவேர் கடை, சாயங்காலம் லாரி ஓட்டும் விளையாட்டு என்று இருந்த மனிதர். மறுபடி மறுபடி எழுதினார். 'அறைக்குள் வந்துவிட்டது.' 'இப்போது அந்த வட்டத்துக்கு என் பெயர் வந்திருக்கிறது.' நேற்று மாலை அவரே போன் செய்தார். பின்னால் பஸ்கள் ஹாரன் அடிக்கும் சத்தம், கண்டக்டர்கள் ஊர் பெயர் கூவும் சத்தம்.

"யம்மா, நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். வீட்டுக்குப் போனா எம் பொண்டாட்டி கதவத் தொறக்க மாட்டேங்கிறா. யாருய்யா நீயி, எங்க வீட்டுக்காரரு உள்ள கேம் வெளாண்டுக்கிட்டு இருக்காருங்கிறா. நான் குடிக்கலம்மா, சத்தியமாக் குடிக்கல. அதுக்குள்ள இருக்குறத எப்புடி எடுக்குறதுன்னு மட்டும் சொல்லும்மா."

"செட்டிங்ஸ்ல போயி 'அருகில்' ஆஃப் பண்ணிருங்க சார்" என்றாள்.

"உள்ள போனாத்தானம்மா ஆஃப் பண்ண முடியும்" என்றார் அவர். அழுகிற குரல். இணைப்பு அறுந்தது.

இப்போது, சாம்பல் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே, அந்தக் குரலை நினைத்தாள். 'அருகில்' வசதியை அணைத்தாள். அது மறுபடி தானாகவே ஆன் ஆனது. எழுத்து மாறியிருந்தது.

வாசலில்.

எழுந்து போய் வாசலைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. திறக்க மனம் வரவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கதவில் காதை வைத்துக் கேட்டாள். பம்ப்செட் சத்தம் மட்டும்தான். பிறகு அதுவும் இல்லை, யாரோ நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில், மரப்பலகைக்கு அந்தப் பக்கம், தன் காதுக்கு நேராக இன்னொரு காது ஒட்டியிருப்பதைப் போலத் தோன்றியது. சட்டென்று விலகினாள்.

மேசைக்குத் திரும்பியபோது வரிசையாகச் செய்திகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. புகார் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். 'பிரச்சினை தீர்ந்தது. இப்போது வீட்டில் எல்லோரும் நலம்.' அடுத்தவரும் அதேதான் எழுதியிருந்தார். அதற்கடுத்தவரும். எழுத்துப்பிழையோடு எழுதுகிறவர்கள், கெட்ட வார்த்தை இல்லாமல் எழுதத் தெரியாதவர்கள், எல்லோரும் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்.

'சூப்பருங்க' என்று விக்னேஷ்குமார் கைதட்டும் படம் அனுப்பியிருந்தார்.

கமலக்கண்ணனின் எண்ணை அழைத்தாள். உடனே எடுத்தார். பஸ் சத்தம் இல்லை. எந்தச் சத்தமுமே இல்லை.

"சார், நேத்து பேசுனீங்கள்ல, களம் சப்போர்ட்ல இருந்து. வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"நான் வீட்லதான் இருக்கேன்." அதே குரல்தான். ஆனால் மூச்சு வாங்காத குரல். "பிரச்சினை தீந்துருச்சு. இப்ப வீட்ல எல்லாரும் நலம்."

"நேத்து பஸ் ஸ்டாண்டுல இருந்து..."

"அது வேற ஆளு." கொஞ்சம் நிறுத்தி, "நீ எதுக்கு ராணி பயப்புடுற?" என்றது.

ராணி என்று அவளைக் கூப்பிட்டது அவள் அம்மா மட்டும்தான். அம்மா இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. யுவராணி தன் பெயரைக் கமலக்கண்ணனிடம் சொன்னதே இல்லை.

போனைக் கவிழ்த்து வைத்தாள். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து மடிக்கணினியின் கேமரா மேல் ஒட்டினாள். ஹெட்செட்டை உருவி எறிந்தாள். லாஞ்சரையே நீக்கும் பொத்தானை அழுத்தினாள். 'நீக்கப்படுகிறது' என்ற பட்டை நகர்ந்தது. பாதிக்கு வந்தது. நின்றது.

இரண்டாவது வட்டத்தில் மெல்ல நிறம் ஏறியது. கழுத்து வந்தது. காதோரத் தோடு வந்தது. பிறகு முகம். அவள் முகம். அவள் எடுக்காத படம். அதில் நெற்றியில் பொட்டு இல்லை.

யுவராணி. அறையில்.

அவள் திரும்பவில்லை. பின்னால் கட்டிலும் பீரோவும்தான் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். ஏதோ வாடை வந்தது, மருந்து வாடை அல்ல. வெகுநேரம் ஓடிச் சூடான கம்ப்யூட்டரின் வாடை, கருகும் தூசி. கட்டிலின் பலகை கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்ததைப் போல. இல்லை. உட்கார்ந்திருந்தவர் எழுந்ததைப் போல.

கழுத்தின் பின்பக்கம் சூடாகக் காற்று பட்டது.

அவள் ஓடினாள். நாற்காலி சாய்ந்தது. தாழ்ப்பாள் வழுக்கியது. திறந்தது. செருப்பில்லாமல் முற்றத்துக்கு வந்து, வேலிப்படல் வரைக்கும் ஓடி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனை உள்ளேயே விட்டுவிட்டாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

வீட்டுக்குள் நாற்காலியை நிமிர்த்தி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு கீபோர்டு. வேகமாக, இடையில் ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி வேகமாக. அவள் தட்டுவது அப்படித்தான். உள்ளே யாரோ புகார்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மண்பாதையில் பள்ளி வேன் வந்தது. இங்கே இறக்காதீர்கள், பிள்ளையை அப்படியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று கத்த நினைத்தாள். அதற்குள் வேன் நின்று, தமிழ்மதியை இறக்கிவிட்டு, ஈரமண்ணைத் தெறிக்கவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது.

"தமிழு!" பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தாள். "உள்ள போகாதடி. வா, அப்பாகிட்ட போவம். வா."

தமிழ்மதி கையை உருவிக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். யுவராணியை ஏற இறங்கப் பார்த்தாள். தெரியாதவர்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யுவராணிதான்.

"ஆன்ட்டி, அம்மா உள்ள இருக்காங்க. கூப்புடவா?"

"நான்தான்டி அம்மா. பாரு தமிழு, என்னயப் பாரு."

குழந்தையின் உதடு பிதுங்கியது. அழப்போனாள்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. யுவராணியின் குரல்.

"தமிழு, மழையில நனையாத. ஓடியா."

அவள் எட்டிப் பிடிப்பதற்குள் தமிழ்மதி ஓடிவிட்டாள். புத்தகப்பை முதுகில் குதிக்க, முற்றத்தைத் தாண்டி, திறந்திருந்த கதவுக்குள் போனாள். யுவராணி பின்னால் ஓடி, கதவில் வந்து விழுந்தாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. கதவைத் தட்டினாள். உதைத்தாள். பெயரைச் சொல்லி அலறினாள். யாரும் திறக்கவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். கம்பிவலையில் முகத்தை வைத்து அழுத்தினாள்.

திரையின் வெளிச்சம் மட்டும்தான் அறையில் இருந்தது. அவள் நைட்டியை உடுத்தி, அவள் நாற்காலியில், அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் தமிழ்மதி. குழந்தையின் ஈரத்தலையை அந்தக் கை துவட்டியது. பள்ளியில் நடந்த எதையோ தமிழ்மதி கை ஆட்டிச் சொல்லிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துக் கலகலவென்று சிரித்தாள்.

அது சிரிக்கவில்லை. மோசமான நெட்டில் ஓடுகிற வீடியோவைப் போல அந்த முகம் அப்படியே நின்றது. கொஞ்சம் கழித்துத்தான் வாய் திறந்தது. பற்கள் தெரிந்தன. சத்தம் அதற்கும் பிறகு வந்தது, குழந்தையின் சிரிப்பே, அதே கலகலப்பு, அந்தப் பெரிய வாயிலிருந்து.

தமிழ்மதி சிரிப்பதை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து அதன் முகத்தைப் பார்த்தாள். மடியிலிருந்து இறங்கப் பார்த்தாள். இடுப்பைச் சுற்றியிருந்த கை விடவில்லை.

சத்தம் நின்றது. வாய் மட்டும் திறந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தது.