நல்ல தண்ணீரில் ஒரு கொலை

பிணம் வாளிக்குள் கிடந்தது.

குனிந்து பார்த்த இன்ஸ்பெக்டரின் முகம் கடுகடுத்தது.

"கொலைன்னு போன் பண்ணீங்களே டாக்டர்... இது சிங்கி இறால்!"

"சாதாரண இறால் இல்ல சார்." ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வைரஸ் ஊசி போட்டதுல மத்ததெல்லாம் ரத்தம் வெளுத்து செத்துப்போச்சு. இது மட்டும் வைரஸை உடம்புல வச்சுக்கிட்டே தாக்குப்பிடிச்சது. இன்னிக்கு நிபுணர்கள் வந்து இதோட ரத்தத்தைச் சோதிக்கிறதா இருந்தாங்க. அதுக்குள்ள எவளோ நல்ல தண்ணியில போட்டுட்டா. கடல் பிராணி, தாங்குமா?"

எவளோ...

அந்த அறைக்கு இரண்டே சாவிகள். ஒன்று அவரிடம். இன்னொன்று உதவியாளரிடம். உதவியாளர், அவருடைய சொந்த அண்ணன் மகள்.

"நான் செய்யல சித்தப்பா. அந்தத் தொட்டிப் பக்கம் நீங்க என்னை விட்டதே இல்லையே?"

வழக்கு என்று வந்தால் இனி எந்த ஆராய்ச்சிக்கூடமும் அவளை வாசலில்கூட நிற்க விடாது.

இன்ஸ்பெக்டர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பதில் மட்டும் மாறவே இல்லை. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"தொட்டியில வேற இறால் இருந்துச்சா?"

"நோயில்லாதது மூணு, துணைக்கு விட்டிருந்தேன். பாவம் சார், நேத்துகூட, வளை மாதிரி போட்டு வச்ச ஒரே குழாய்க்குள்ள இதை ஒட்டிக்கிட்டே படுத்திருந்துச்சுங்க."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அழாதீங்க சித்தப்பா. நேத்து நீங்க சாப்பிடப் போனப்ப அதோட ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டேன். நிபுணர்கள்கிட்ட அதைக் கொடுத்துடலாம்."

சித்தப்பா அழவில்லை. ஃப்ரிட்ஜை நோக்கிப் பாய்ந்தார்!

இன்ஸ்பெக்டர் குறுக்கே கையை நீட்டினார்.

"ரத்தம் பத்திரமா இருந்தா சந்தோஷம்தானே படணும்? ஏன் வேர்க்குது?"

ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு டப்பா. அவளுடைய மதியச் சாப்பாடு.

"வைரஸ் உள்ள இறால் இருக்கிற வளையில நல்ல இறால் தங்காது சார்," என்றாள். "எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். ஒட்டிப் படுத்திருந்துச்சுன்னா, இதுக்கு வைரஸே கிடையாது. ரத்தத்தை எடுத்தா குட்டு உடைஞ்சிடும்னு கொன்னுட்டு, பழியை என் தலையில போட்டுட்டார்."

டாக்டர் நாற்காலியில் சரிந்தார். "இதுக்குப் போட்ட ஊசியில... வெறும் உப்புத்தண்ணிதான்."

"இவ்வளவு நாள் கூடவே இருந்தும் உனக்கு ஒரு சந்தேகமும் வரலையாம்மா?"

அவள் வாளியைப் பார்த்தாள்.

"இறாலுக்கு அந்த அறிவு இருக்கு சார். நான்தான் சித்தப்பாதானேன்னு ஒட்டிக்கிட்டு இருந்துட்டேன்."